பெரிய கோழிங்களோட புதுக் குஞ்சுகளை எப்போ, எப்படிச் சேர்க்கறது?

கேள்வியை ஒரு தடவை சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். வீட்டுக்குப் பின்னாடி ரெண்டு வருஷமா ஆறு பெட்டையும் ஒரு சேவலும் இருக்கு, இப்போ ஒரு நாள் குஞ்சு எட்டு வாங்கியாச்சு, அடைல உக்காந்த கோழி எதுவும் இல்ல, குஞ்சுங்களை எத்தனை வாரத்துல பெருசுங்களோட விடலாம், ராத்திரி கூண்டுக்குள்ள விட்டுட்டா காலைல பழகிடும்னு சொல்றாங்களே அது சரியா, இதான் கேள்வி.

முதல்ல நேரடியான பதில். தாய் இல்லாத குஞ்சுங்களை முதல் நாலஞ்சு வாரம் முழுசா தனியா வைங்க. அப்புறம் நடுவுல கம்பி வலை போட்டு ரெண்டு கூட்டமும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கற மாதிரி வைங்க. குஞ்சு மட்டும் நுழையற மாதிரி சின்ன வாசல் வச்ச ஒரு தடுப்பு உங்களால அமைக்க முடிஞ்சா ஏழெட்டு வாரத்துல கலக்க ஆரம்பிக்கலாம், அது முடியலைன்னா 12 வாரத்துக்குக் குறையாம, பெருசுங்க உடம்புல முக்கால்வாசி வர்ற வரைக்கும் பொறுங்க. வயசு என்னன்னு எல்லாரும் கேக்கறாங்க, ஆனா அதைவிட முக்கியமா நான் பாக்கறது ஒண்ணு இருக்கு, கொத்து விழுந்தா அந்தக் குஞ்சு ஓடிப்போய் நிக்கறதுக்கு இடம் இருக்கா இல்லையாங்கறது. அது இருந்தா ஆறு வாரக் குஞ்சு கூட தப்பிச்சுக்கும், இல்லைன்னா நாலு மாச வெடைக்கோழி கூட மூலைல மாட்டிக்கிட்டு மண்டை கிழிஞ்சு கிடக்கும்.

கொத்து பத்திப் பேசறதுக்கு முன்னாடி நோய் பத்திச் சொல்லணும், ஏன்னா சேர்க்கறதுன்னாலே எல்லாருக்கும் கொத்து மட்டும்தான் கண்ணுல தெரியுது. பெரிய கோழி பாக்க நல்லா கொழுகொழுன்னு இருக்கும், முட்டையும் போடும், ஆனா அது உடம்புல பல கிருமி தங்கியிருக்கும், அதுக்கு ஒண்ணும் பண்ணாது, குஞ்சுக்குப் பண்ணும். இதுல ரெண்டு நோயை மட்டும் நல்லா புரிஞ்சுக்கோங்க.

முதலாவது மேரெக்ஸ். இது ஹெர்பஸ் வகை வைரஸ், கோழியோட றெக்கைலேர்ந்து உதிர்ற பொடி வழியா, அந்தத் தூசியை மூச்சுல இழுக்கறதால பரவுது, அந்தத் தூசி கொட்டகைக்குள்ள மாசக்கணக்குல வீரியத்தோட கிடக்கும். வந்துச்சுன்னா ஒரு கால் முன்னாடியும் ஒரு கால் பின்னாடியும் நீட்டிக்கிட்டு எந்திரிக்க முடியாம கிடக்கும், மருந்து கிடையாது. தடுப்பூசி இருக்கு, ஆனா அதைப் பொரிச்ச அன்னிக்கே பொரிப்பகத்துல போடணும், போட்டாலும் உடம்புல எதிர்ப்பு வர ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும், அதனாலதான் முதல் வாரங்கள்ல குஞ்சு இருக்கற இடமும் பெருசுங்க இருக்கற இடமும் ஒரே காத்தா இருக்கக் கூடாதுன்னு சொல்றது. இன்னொரு விஷயம், இந்தத் தடுப்பூசி இந்த நோயால உடம்புல வர்ற கட்டி வராம காப்பாத்தும், ஆனா வைரஸ் உடம்புக்குள்ள வர்றதையும் வெளில பரவறதையும் முழுசா நிறுத்தாது, அதனால "என் பெரிய கோழிக்கெல்லாம் ஊசி போட்டாச்சு, அதனால குஞ்சுக்கு ஆபத்து இல்ல"ன்னு நினைக்காதீங்க. குஞ்சு வாங்கும்போதே ஊசி போட்டுதானான்னு கேட்டு வச்சுக்கோங்க.

ரெண்டாவது ரத்தக் கழிச்சல், காக்சிடியோசிஸ்னு சொல்வாங்க. ஐமீரியாங்கற ஒட்டுண்ணி, குடல் சுவரைத் தின்னுடும். எச்சத்துல இதோட முட்டை வெளிய வரும், ஆனா வந்த உடனே அது ஒண்ணும் பண்ணாது, ஈரமும் கதகதப்பும் இருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல பழுத்து தொத்தற நிலைக்கு வந்துடும், அதைக் குஞ்சு கொத்தித் தின்னா ஒரு வாரத்துக்குள்ள அதுவே கோடிக்கணக்குல போட ஆரம்பிச்சுடும். அதனால இதுல மருந்தைவிட காய்ஞ்ச தரைதான் பெரிய காவல். தண்ணி டப்பா சுத்தி எப்பவும் ஈரமா இருக்கும் பாருங்க, அந்த ஒரு வட்டத்தை மட்டும் தினமும் அள்ளிப் போட்டுட்டுப் புது உமியோ மரத்தூளோ போட்டாலே பாதி பிரச்சினை குறையும். மூணுலேர்ந்து ஆறு வாரம் வரைக்கும்தான் இது அதிகமா தாக்கும், குஞ்சு தோளைக் குறுக்கிக்கிட்டு, றெக்கை தொங்க, கண்ணை மூடிக்கிட்டு நின்னா உடனே எச்சத்தைப் பாருங்க, ரத்தமோ காவி நிற சளியோ தெரிஞ்சா அன்னிக்கே கால்நடை மருத்துவரைப் பாத்து ஆம்ப்ரோலியம் மாதிரி மருந்து தண்ணில கலந்து குடுக்கணும். ஒரு குஞ்சுக்கு வந்தா எல்லாத்துக்கும் சேத்துதான் குடுக்கணும். அந்த மருந்து ஓடற நாள்ல பி காம்ப்ளெக்ஸ் டானிக் குடுக்காதீங்க, ஏன்னா ஆம்ப்ரோலியம் அந்த ஒட்டுண்ணிக்கு வைட்டமின் பி1 கிடைக்காம தடுத்துதான் வேலை செய்யுது, நீங்க பி1 ஊத்தினா மருந்து குடுத்தும் பிரயோஜனம் இல்லாம போயிடும்.

இதுக்கு எதிர்ப்பு சக்தி கொஞ்சம் கொஞ்சமா கிருமி உள்ள போனாத்தான் வரும். அதனால மூணாவது வாரத்துக்கு மேல, வெயில் படற காய்ஞ்ச இடத்துல பகல்ல கொஞ்ச நேரம் மண்ணுல விடறது நல்லதுதான். பெருசுங்க எச்சம் குமிஞ்சு கிடக்கற ஈரமான மூலைல ஒரே நாள்ல கொண்டுபோய் விடறதுதான் கெடுதல். தினசரி வேலைலயும் ஒரு ஒழுங்கு வச்சுக்கோங்க, காலைல முதல்ல குஞ்சுக்குத் தீவனம் தண்ணி முடிச்சுட்டு அப்புறம் பெருசுங்க பக்கம் போங்க, அங்க போட்ட செருப்போட இங்க வராதீங்க. வெளிலேர்ந்து குஞ்சுக்குப் பதிலா வளந்த கோழியே வாங்கிட்டு வந்தா கதை வேற, அதை 30 நாள் தனியா வச்சுத்தான் பாக்கணும், அப்போ வரிசை தலைகீழா மாறும், நம்ம கோழிக்கு முதல்ல, புதுசுக்குக் கடைசில.

குஞ்சு வளக்கற பெட்டி பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல. முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைச்சுக்கிட்டே 21 வரைக்கும், ஆறு வாரத்துல றெக்கை மூடிடும், அப்புறம் பல்பு தேவைப்படாது. வெப்பமானி இல்லாமலே குஞ்சைப் பாத்தா தெரியும், பல்புக்கு அடில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டுக் கத்துச்சுன்னா குளிர், ஓரத்துல ஒதுங்கி வாயைத் திறந்துக்கிட்டு இருந்தா சூடு. பல்பை ஒயர்ல மட்டும் தொங்க விடாதீங்க, சங்கிலி போட்டுக் கட்டுங்க, காய்ஞ்ச மரத்தூள் மேல விழுந்தா தீப் பிடிச்சிடும்.

சேர்க்கறதுல நிறைய பேர் யோசிக்காம விடறது தீவனம். முட்டை போடற கோழிக்கான லேயர் தீவனத்துல கால்சியம் 3.5லேர்ந்து 4 சதவீதம் இருக்கும், குஞ்சுத் தீவனத்துல 1 சதவீதம் கிட்டதான் இருக்கும். முட்டை ஓடு கட்டாத வயசுல அவ்வளவு கால்சியத்தைத் தொடர்ந்து தின்னா வளர்ற கோழியோட சிறுநீரகம் கெட்டுப்போகும், வெளில உடனே தெரியாது, பல மாசம் கழிச்சு காரணமே தெரியாம சாகும். ரெண்டு கூட்டமும் ஒண்ணானதுக்கப்புறம் இது உன் தட்டு அது என் தட்டுன்னு கோழிகிட்ட சொல்ல முடியாது, குஞ்சு பெருசு தட்டுல தின்னும், பெருசு கண்டிப்பா குஞ்சு தட்டைக் காலி பண்ணும். அதனால சேர்க்கற நாள்லேர்ந்து எல்லாருக்கும் ஒரே வளர் தீவனம் போட்டுட்டு, கிளிஞ்சல் தூளைத் தனியா ஒரு டப்பால வச்சுடுங்க. முட்டை போடற கோழிக்கு உடம்பே கேக்கும், அது போய்த் தின்னுக்கும், குஞ்சு ஒண்ணு ரெண்டு கொத்து கொத்திட்டு விட்டுடும். இளசுங்க முதல் முட்டை போட்டதும், 18 வாரம் வாக்குல, மறுபடியும் எல்லாரும் லேயர் தீவனத்துக்கு மாறிக்கலாம். மருந்து கலந்த குஞ்சுத் தீவனம் வாங்கறீங்கன்னா, அதை முட்டைக்கோழி தின்னா அந்த முட்டையை நாம சாப்பிடலாமாங்கறது என்ன மருந்துங்கறதைப் பொறுத்தது, மூட்டை மேல எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு போடுங்க.

இப்போ கொத்துக்கு வருவோம். கோழிக் கூட்டத்துல யார் யாரைக் கொத்தலாம்னு ஒரு வரிசை இருக்குன்னு நார்வே நாட்டுக்காரர் தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே 1921லயே எழுதி வச்சிருக்கார், இன்னிக்கு எல்லா மிருகத்துக்கும் நாம பேசற பெக்கிங் ஆர்டர் அவர் கோழிகிட்ட பாத்ததுதான். உங்க ஆறு பெட்டைக்கும் அந்த வரிசை ரெண்டு வருஷமா செட்டாகி இருக்கு, தீவனம் போட்டதும் யார் முதல்ல வரணும், பரண்ல யார் எங்க உக்காரணும்னு அதுங்களுக்குத் தெரியும், அதனாலதான் உங்க கூண்டுல சண்டை இல்ல. புது முகம் எட்டு உள்ள வந்ததும் அந்த வரிசையை முதல்லேர்ந்து பேசி முடிக்கணும். அதுங்க கெட்ட கோழிங்கன்னு அர்த்தம் இல்ல, ஆனா அரை கிலோ குஞ்சு ரெண்டு கிலோ கோழிகிட்ட அந்தப் பேச்சு வார்த்தைக்குப் போனா உசுருக்கு ஆபத்து. நீங்க செய்ய வேண்டியது அந்தப் பேச்சைப் பாதிக்கு மேல வலைக்கு ரெண்டு பக்கமும் நின்னே முடிக்க வைக்கறது.

வலைன்னா அரை இஞ்ச் கண்ணு உள்ள வெல்டு மெஷ். அறுகோணக் கண்ணு உள்ள மெல்லிசு கோழி வலை வேண்டாம், குஞ்சு தலையை வெளிய நீட்டும், அந்தப் பக்கம் நிக்கற கோழி அதையே கொத்தும், எலியும் பாம்பும் கூட அதுல நுழையும். பெருசுங்க மேயற இடத்துலயே ஒரு மூலையை இப்படித் தடுத்துக்கோங்க, ரெண்டு பக்கமும் வலையை ஒட்டின மாதிரி தீவனத் தட்டை வைங்க, அப்போதான் பக்கத்துல பக்கத்துல நின்னு தின்னு பழகும். குறைஞ்சது ரெண்டு வாரம் இப்படி ஓடணும்.

முதல் நாள் அந்த வலைகிட்ட நின்னு பாருங்க. மூத்த பெட்டை நேரா வராது, தலையை ஒரு பக்கமா சாய்ச்சு ஒத்தைக் கண்ணால உத்துப் பாக்கும், கழுத்து முடி சிலுப்பிக்கும், ரெண்டு அடி ஓடி வந்து வலைல டொக்குனு ஒரு கொத்து கொத்தும். குஞ்சுங்க எல்லாம் ஒரே மூச்சுல பின்னாடி மூலைக்கு ஓடி, கொஞ்ச நேரம் அசையாம நின்னுட்டு, ஒண்ணொண்ணா மறுபடியும் முன்னாடி வரும். நாலஞ்சு நாள் போனா அந்தப் பெட்டை வலைப் பக்கம் வரும் ஆனா கழுத்து முடி எழும்பாது. இன்னும் சில நாள்ல குஞ்சுங்க வலைக்குப் பக்கத்துலயே காலை நீட்டி வெயில் காயும், அந்தப் பக்கம் அதே பெட்டை மண்ணுல புரண்டுக்கிட்டு இருக்கும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கண்டுக்காது. அந்தக் கண்டுக்காத நிலை வர்றதுதான் நமக்கு வேணும், காலண்டர்ல எத்தனை நாள் ஆச்சுங்கறது அப்புறம்தான்.

அது வந்ததும் அந்தத் தடுப்புல கீழ சின்ன வாசல் வெட்டி விடுங்க, இதுதான் நான் முதல்ல சொன்ன விஷயம். குஞ்சு ஓடற வேகத்துலயே குனியாம நுழையணும், பெரிய கோழிக்கு நெஞ்சு மாட்டணும். நாலு இஞ்ச் அகலம் பல இனத்துக்குச் சரியா வரும், ஆனா உங்க கோழி சின்ன உடம்பா இருந்தா அளந்து பாத்துக் குறைச்சுக்கோங்க. ஒரே வாசல் வைக்காதீங்க, ஒரு கோழி வாசல்ல நின்னு மறிச்சா முடிஞ்சுது கதை, தள்ளித் தள்ளி ரெண்டு மூணு வைங்க. குஞ்சோட தீவனமும் தண்ணியும் உள்ளயே இருக்கட்டும். வாசலைத் திறந்ததும் நீங்க குஞ்சைப் பிடிச்சு வெளிய விடாதீங்க, அதுவா வரட்டும். முதல்ல தலையை மட்டும் நீட்டும், ஒரு பூச்சியைப் பாத்து ரெண்டு அடி வெளிய வரும், பெருசு திரும்பினதும் சட்டுனு உள்ள போயிடும். அந்த வழி மனசுல பதிஞ்சுட்டா அப்புறம் அதுங்களே எவ்வளவு தூரம் போகலாம், யார் கிட்ட போகக் கூடாதுன்னு கத்துக்கும், நம்ம காவல் தேவையே குறைஞ்சுடும்.

சேர்க்கற நேரத்துல எட்டையும் ஒண்ணாத்தான் சேர்க்கணும். ஒண்ணு மட்டும் நல்லா வளந்துடுச்சேன்னு அதைத் தனியா முன்னாடி அனுப்பினா ஆறு கோழியோட கவனமும் அது மேலதான் விழும். மேயற இடத்துல தீவனத் தட்டு, தண்ணி எல்லாம் தள்ளித் தள்ளி ரெண்டு மூணு இடத்துல இருக்கட்டும். வெறும் மைதானமா இருந்தா துரத்தல் நிக்காது, பார்வை மறையணும், ஒரு பழைய பலகையைச் சாய்ச்சு வைங்க, கவுத்த கூடை, செடிக் கிளை எது வேணா போடுங்க, ரெண்டு பக்கமும் வழி இருக்கணும், முட்டுச் சந்தா இருக்கக் கூடாது. இடமும் பாத்துக்கோங்க, 15 கோழி ஆகப்போகுது, கூண்டுக்குள்ள ஒண்ணுக்கு 4 சதுர அடி, வெளில ஒண்ணுக்கு 10 சதுர அடின்னு கணக்குப் போட்டா கூண்டு மட்டும் 60 சதுர அடி வரும், வெளில 150. இது இல்லைன்னா எவ்வளவு பொறுமையா பழக்கினாலும் பின்னாடி சண்டை வந்தே தீரும், குஞ்சு வாங்கறதுக்கு முன்னாடியே போட வேண்டிய கணக்கு இது.

எந்தக் கொத்துக்கு நாம உள்ள புகணும், எதுக்குச் சும்மா இருக்கணும்னு தெரிஞ்சுக்கறதுதான் கஷ்டம். பெருசு ஒரு கொத்து போட்டு, குஞ்சு கீச்சுன்னு கத்திட்டு விலகி, பெருசும் தன் வேலையைப் பாக்கப் போனா விட்டுடுங்க, மனசு கேக்காதுதான், ஆனா அது நடந்தாத்தான் வரிசை செட்டாகும், நீங்க ஒவ்வொரு தடவையும் தடுத்தா அந்தப் பாடம் தள்ளித் தள்ளிப் போகும். விலகி ஓடின குஞ்சை மறு கோடி வரைக்கும் துரத்தறது, மேல ஏறி நின்னு மண்டைலயே திரும்பத் திரும்பக் கொத்தறது, ரெண்டு மூணு கோழி சேந்து ஒண்ணை மடக்கறது, இதுல எது நடந்தாலும் உடனே பிரிங்க. ரத்தம் வந்துட்டா ஒரு நிமிஷம் கூட விடக் கூடாது, சிவப்பைப் பாத்தா அதுவரைக்கும் சும்மா இருந்த கோழியும் கொத்த வரும், அடிபட்டதைத் தனியா எடுத்துட்டு வந்து புண்ணு காய்ஞ்சு நிறம் மறைஞ்ச பிறகுதான் திரும்ப விடணும், அதுவும் வலைக்குப் பின்னாடிலேர்ந்தே. சத்தம் போடாம நடக்கற கொடுமையையும் கவனிங்க, தட்டுகிட்டயே வரவிடாம பண்றது. சாயங்காலம் குஞ்சு இரைப்பையைத் தொட்டுப் பாருங்க, நெஞ்சுல வலது பக்கம் உருண்டையா நிறைஞ்சிருக்கணும், காலியா இருந்தா அது பகல் முழுக்க பட்டினின்னு அர்த்தம்.

ஒரே ஒரு பெட்டைதான் விடாம தொல்லை பண்ணுதுன்னா குஞ்சைத் தூக்காதீங்க, அந்தப் பெட்டையை மூணு நாலு நாள் மத்ததுங்க கண்ணுல படாம தனியா வைங்க. அது இல்லாத நாள்ல கூட்டம் வேற மாதிரி செட்டாகிடும், திரும்பி வரும்போது அதுவே தன் இடத்தைத் தேடற நிலைமைல இருக்கும், குஞ்சு பக்கம் போக நேரம் இருக்காது.

ராத்திரி விஷயம். கோழிக்கு இருட்டுல கண்ணு சரியா தெரியாது, பரண்ல ஏறினா அசையாது, அதனால ராத்திரி சேர்த்தா ராத்திரி சண்டை வராது, அவ்வளவுதான் அதுல இருக்கற உண்மை. பொழுது விடிஞ்சதும் பக்கத்துல யாருன்னு நல்லாவே தெரியும், அதுவும் கதவு மூடின கூண்டுக்குள்ள, ஓட வழியில்லாத இடத்துல. வலை வழியா ரெண்டு வாரம் பழகி, பகல்ல ஒண்ணா மேய்ஞ்சு, கடைசி படியா ராத்திரி பரண்ல ஏத்தி விடறதுன்னா ரொம்ப நல்ல முறை. அதை மட்டுமே நம்பி முன்ன பின்ன பாக்காத குஞ்சை உள்ள விடறது வேண்டாம். ஏத்தி விட்டாலும் முதல் சில நாள் விடியறதுக்கு முன்னாடி போய் கதவைத் திறந்து விடுங்க. பரண்ல ஒரு கோழிக்கு 20லேர்ந்து 25 சென்டிமீட்டர் இடம் வேணும், எல்லாம் ஒரே உயரத்துல இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா மேல் பரணுக்குத்தான் போட்டி. இளசுங்க கொஞ்ச நாள் தரைல மூலைல குவிஞ்சு படுக்கும், இருட்டினதும் எடுத்து எடுத்துப் பரண்ல வைங்க, பழகிக்கும்.

உங்க சேவல் பத்திக் கேக்கல, ஆனா சொல்லணும். பல சேவல் குஞ்சைக் கண்டுக்காது, சிலது பெட்டைங்க துரத்தும்போது நடுவுல வந்து நிக்கவும் செய்யும். பிரச்சினை உங்க எட்டுல எத்தனை சேவல்ங்கறதுலதான். எட்டு வாரத்துல கொண்டை சிவந்து பெருசாகறது தெரிய ஆரம்பிக்கும், அப்பவே எண்ணிப் பாத்துக்கோங்க, எட்டு பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும், மிச்சத்துக்கு என்ன வழின்னு நாலு மாசத்துக்குள்ள முடிவு பண்ணிடுங்க, அதுக்கு மேல போனா பழைய சேவலுக்கும் புதுசுக்கும் சண்டை, பெட்டைங்க முதுகுல றெக்கையே இருக்காது.

கடைசியா ஒண்ணு, அடைக்கோழி இருந்தா மேல எழுதினதுல பாதி வேலை உங்களுக்கு இல்ல. இப்போ உங்ககிட்ட இல்ல, ஆனா அடுத்த தடவைக்கு யோசிச்சு வைங்க. ரெண்டு மூணு வாரமா விடாம அடைல உக்காந்திருக்கற கோழிக்கு அடில, ஒண்ணு ரெண்டு நாள் வயசுக் குஞ்சை ராத்திரி இருட்டுல வச்சு முட்டையை எடுத்துட்டா பெரும்பாலும் ஏத்துக்கும். விடியறப்போ பக்கத்துலயே இருந்து பாருங்க, தாழ்ந்த குரல்ல கொக் கொக்னு பேச ஆரம்பிச்சா சரி, குஞ்சைப் பாத்துக் கொத்தினா உடனே எடுத்துப் பல்புக்கு அடில கொண்டு வந்துடுங்க, அதனால பெட்டியைத் தயாரா வச்சுக்கிட்டுத்தான் இதைப் பண்ணணும். மூணு நாலு நாள் தாண்டின குஞ்சு தாயா ஏத்துக்காது, கோழி ஏத்துக்கிட்டாலும் குஞ்சு ஓடும். தாய் ஏத்துக்கிட்டா சூடு, காவல், தீவனம் காட்டிக் குடுக்கறது, மத்த பெட்டைங்களை விரட்டறது எல்லாம் அதுவே பாத்துக்கும், அஞ்சுலேர்ந்து எட்டு வாரத்துல அது குஞ்சை விட்டு விலகற நேரத்துல குஞ்சுங்க கூட்டத்துல ஏற்கனவே ஒரு இடம் பிடிச்சிருக்கும். இரத்தக் கழிச்சலும் லேயர் தீவனமும் மட்டும் தாய் இருந்தாலும் உங்க பொறுப்புதான், ஈரத்தையும் கால்சியத்தையும் அது பாத்துக்காது.